சத்துவாச்சாரி மொட்டைமாடியில் கோல்ட்ரேன்

ஒரு மாதமாக நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்'. 1960 அக்டோபரில் பதிவு செய்து, மறு வருடம் வெளிவந்த ஆல்பம். தலைப்புப் பாட்டு மட்டுமே ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும். மூலம் ஒரு பிராட்வே நாடகப் பாட்டு, எளிமையான மெட்டு. அதை எடுத்து, உச்சக் குரல் கொண்ட சோப்ரானோ சாக்ஸபோனில் வைத்து இழைக்கிறார் கோல்ட்ரேன். பின்னால் மெக்காய் டைனரின் பியானோ ஒரே சின்னச் சுற்றையே சுற்றிச் சுற்றி வருகிறது, எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் அலை அலையாக அடிக்கிறது. மெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோய், மூச்சும் குழலும் மட்டும் மிச்சம் நிற்கிற ஒரு இடம் வரும். அந்த இடத்துக்காகவே தினமும் ராத்திரி கேட்கிறேன்.

என் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். சித்திரை வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவன் நான். கூத்தில் முகவீணை என்று ஒரு வாத்தியம் உண்டு. நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சத்தம் மட்டும் ஊர் எல்லை வரைக்கும் போகும். சோப்ரானோ சாக்ஸபோனை முதல்முறை கேட்டபோது எனக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிற நேரத்தில் கேட்கிற முகவீணைதான் வந்தது.

இதை ஏதோ என் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் பெரியப்பா கண் பரிசோதனைக்காக வேலூருக்கு வந்து சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினார். இளவயதில் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை ஊதியவர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். பகலெல்லாம் வெயில் வாங்கிய தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. நான் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைப் போட்டேன். ரெண்டு நிமிடம் பேசாமல் கேட்டவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இது எந்த ஜமாடா?"

"அமெரிக்காக்காரங்க பெரிப்பா. சாக்ஸபோன்."

"சீவாளி இன்னா போட்டிருக்கான்?"

சீவாளி என்பது நாயனத்தில் வாய் வைத்து ஊதும் பட்டை. சாக்ஸபோனில் அது மாதிரி ரெட்டையாக இருக்காது, கிளாரினெட்டுக்குப் போடுகிற மாதிரி ஒற்றைப் பட்டைதான் என்று சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொடையில் விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும், "இது சாயங்காலம் ஊதற ஊத்து இல்ல. விடிகாலையில ஊதறது. பாடறவனுக்குத் தொண்ட போயிரும், ஜனம் தூங்கி வழியும், அப்போ நாங்க இப்பிடித்தான் ஊதுவோம்" என்றார்.

எத்தனையோ ஜாஸ் விமர்சனம் படித்திருக்கிறேன். கோல்ட்ரேனைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. ஜாஸ் என்றாலே நட்சத்திர ஓட்டல், மங்கிய விளக்கு, ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்திருக்கிறோம். "இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுப்பா" என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நியூ ஆர்லியன்ஸில் ஏழைக் கறுப்பின மக்களின் தெருவில் பிறந்த இசை இது. அங்கே சாவு ஊர்வலத்தில் இடுகாடு போகும்வரை பேண்டு வாத்தியக்காரர்கள் மெதுவாக, துக்கமாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே பேண்டு ஆட்டம் போட வைக்கும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் பேண்டு செட் வைக்கிற ஊர்க்காரர்களான நமக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? நம் காதுகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. யாரும் அதை நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் எங்கள் மாடியில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு ஆல்பம், அந்த நேரத்தில் மனசுக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அது. முழு ஆல்பத்தையும் போட்டுக் கேட்க வேண்டும், நடுவில் பேச்சு கிடையாது. இது ஒன்றுதான் சட்டம்.

போன தடவை, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர், டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்' கொண்டுவந்தார். 1958இல் பதிவானது. அதில் டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கனுக்கு அப்போது வயது 20 தான். பியானோ ஒரு வரி கேட்கும், குழல்கள் சேர்ந்து பதில் சொல்லும். மறுபடி கேட்கும், மறுபடி பதில். அதில் பியானோ வாசிக்கும் பாபி டிம்மன்ஸ் இதைக் கறுப்பின மக்களின் தேவாலயத்து முறையிலிருந்து எடுத்தார். எனக்குக் கூத்துப் பின்பாட்டாகவே கேட்டது. ராஜா வேஷக்காரர் அடி எடுத்துக் கொடுக்க, பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே வாங்கல்.

மிருதங்கம் கற்றுக்கொள்ளும் தம்பி ஒருவன் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பத்தோடு வந்தான். முதல் பாட்டு ஒன்பது எண்ணிக்கையில் போகும், 2, 2, 2, 3 என்று. 1958 சுற்றுப்பயணத்தில் புரூபெக் இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளம் அது. தம்பி தொடையில் தட்டி "தகதிமி தகதகிட" என்று சொல்லிக் காட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. அதே ஆல்பத்தில் உள்ள 'டேக் ஃபைவ்' அஞ்சு எண்ணிக்கை. ஆனால் நம் கண்ட நடையில் "தக தகிட" என்று ரெண்டு முதலில் வரும், அதில் மூன்று முதலில் வருகிறது. அந்தத் தலைகீழ்தான் அந்தப் பாட்டின் தள்ளாட்டத்துக்குக் காரணம் என்று அவன் சொன்ன பிறகு எனக்கு அது வேறு பாட்டாகவே ஆகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு எல்லோரையும் உலுக்கியது பியானோ கலைஞர் பில் எவன்ஸின் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. கொண்டுவந்தவர் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா. நைட் டியூட்டி முடிந்து காலையில் காட்பாடி பஸ்ஸில் இதைத்தான் கேட்டுக்கொண்டு வருவாராம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் ஒரு நிலவறை கிளப். கண்ணாடித் தம்ளர்கள் உரசுகிற சத்தம்கூடப் பதிவில் இருக்கிறது. பியானோவுக்குப் பக்கத்தில் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம், பக்கவாத்தியமாக அடங்கி நிற்காமல், சமமாக உட்கார்ந்து பேசுகிறது. பதினோரு நாள் கழித்து கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25. "அங்க உக்காந்து பேசிட்டிருந்தவங்களுக்கு அது தெரியாது பாருங்க" என்றார் அக்கா. வார்டில் ராத்திரியெல்லாம் விழித்திருப்பவர் சொன்னதால் அது எங்களுக்கு இன்னும் கனத்தது. யாரும் அடுத்த ஆல்பத்தைப் போடச் சொல்லவில்லை.

இப்படி முழுசாகக் கேட்டால்தான் இது பிடிபடும். "படிக்கும்போது கேட்க ஜாஸ்", "தூங்கும்போது கேட்க ஜாஸ்" என்று துண்டு துண்டாகத் தொகுத்துப் போடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை. கூத்தில் துரியோதனன் படுகளத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன கிடைக்கும்? இரவெல்லாம் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த விடியல்.

அடுத்த முறைக்கு நான் எடுத்து வைத்திருப்பது பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் 1963இல் வெளியிட்ட 'த பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி'. அதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் சார்லி மரியானோ, பிற்காலத்தில் தென்னிந்தியா வந்து நாதஸ்வரம் கற்றுக்கொண்டவர். பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "வெள்ளக்காரன் நாயனம் ஊதறானா, அத மொதல்ல போடு" என்றார். அதோடு மரியானோவின் 1983 ஆல்பம் 'ஜோதி'யும் தயாராக இருக்கிறது. கர்நாடகத் தாள வாத்தியக் கலைஞர்களோடு சேர்ந்து செய்தது.

வருகிற சனிக்கிழமை பெரியப்பா ஆரணியிலிருந்து பஸ் ஏறுகிறார். நீங்களும் இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அவருக்குப் போட்டுக் காட்டுகிறேன்.