அந்தப் பெயரை வெளியிட நீங்கள் யார்?

மூன்று நாளாக எல்லோர் டைம்லைனிலும் அதே ஸ்க்ரீன்ஷாட். எந்தப் பக்கம், யார் அட்மின் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நானும் அதே வேலையைச் செய்தவளாகிவிடுவேன். இத்தனை வருடம் புனைபெயரில் கேலிப் பக்கம் நடத்தி நம்மைச் சிரிக்க வைத்தவரின் ஒரிஜினல் பெயர், வேலை பார்க்கும் இடம், மனைவியோடு நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் போட்டு, அலுவலகத்தையும் டேக் செய்து, கீழே "மாட்டினான்" என்று கைதட்டல் வேறு. மாட்டுவதற்கு அவர் என்ன திருடினாரா?

புனைபெயரை எப்போது கழற்றுவது என்பதை வைத்துக்கொண்டவர்தான் முடிவு செய்ய வேண்டும். 2009இல் ஐபிஎல் தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, 'ஃபேக் ஐபிஎல் ப்ளேயர்' என்ற பெயரில் ஒருவர் கொல்கத்தா அணி வீரர் மாதிரியே எழுதி எல்லோரையும் கிண்டலடித்தார். சம்பந்தமில்லாத வீரர்கள் மேல் சந்தேகம் விழுந்தது, அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுவருடம் அவராகவே முன்னால் வந்து, தான் கிரிக்கெட் வீரரே இல்லை என்று சொன்னார். அவராகவே வந்தார். நான் கேட்பதும் அதைத்தான்.

"தைரியம் இருந்தால் சொந்தப் பெயரில் எழுத வேண்டியதுதானே" என்கிறார் ஒரு அண்ணன். அண்ணா, 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதைப் பற்றிச் சொந்தப் பெயரில் கார்ட்டூன் போட்ட பாலாவைச் சென்னையில் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். மாதச் சம்பளத்தையும் வீட்டுக்கடனையும் வைத்திருப்பவர் அதே தைரியத்தைக் காட்டினால், ஜாமீனுக்கு நீங்கள் வருவீர்களா? ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனதை இன்றும் ஆசையாகப் பேசுகிறோமே, அப்போது மட்டும் புனைபெயர் இனிக்கிறதா?

பெண்களுக்கு இன்பாக்ஸில் அசிங்கம் அனுப்பும் ஃபேக் ஐடிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எனக்கும் வந்திருக்கிறது, சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். அது குற்றம், இது கேலி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்களிடம் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். கல்யாணமான புதிதில் ஒரு ஆண் பெயரில் பிளாக் எழுதினேன். மாமியார் வீட்டுச் சமையலறைதான் விஷயம், முக்கியமாக அத்தை காபிப்பொடி டப்பாவை ஒளித்து வைக்கும் இடங்கள். அந்த வீட்டில் எனக்கு மூச்சுவிடக் கிடைத்த இடமே அதுதான். எப்படியோ கண்டுபிடித்த சொந்தக்காரர் ஒருவர், ஒரு வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாக வாசித்தார். என் பெயர் தெரியாதவரை அது எல்லா வீட்டு அத்தையும். தெரிந்த நிமிடம் என் அத்தை மட்டும் ஆகிவிட்டார். அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து டப்பாவை மேடையிலேயே வைத்துவிட்டார், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அன்றைக்கே பிளாக்கை அழித்தேன், அதற்கப்புறம் நகைச்சுவை என்று ஒரு வரி எழுதவில்லை. வாசித்தவர் இன்றுவரை அதை ஒரு தமாஷ் என்றுதான் சொல்கிறார்.

அதனால் ஷேர் செய்தவர்களிடம் கேட்கிறேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை நடத்தியவர் வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் அலுவலக டேக்கையும் அவர் மனைவியின் போட்டோவையும் எடுத்துவிடுங்கள்.