பழைய ரசனையைக் கேவலப்படுத்தாதீர்கள்

"இன்னுமா பொன்னியின் செல்வன்? அதையெல்லாம் தாண்டி வா" என்று சின்னப் பிள்ளைகளிடம் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. ரசனை மாறும், மாறத்தான் வேண்டும். ஆனால் முன்பு பிடித்ததைத் தூக்கிப் போட்டால்தான் நல்ல வாசகராக முடியும் என்பதை நான் நம்பவில்லை.

எனக்கு நடந்தது நேர்மாறாக. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அந்த நாவலில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது கடைசிவரை தெளிவாகத் தெரியாது, இல்லையா? அந்தக் கேள்வி மனசில் உட்கார்ந்துகொண்டதால்தான் சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் என்று தேடிப் போனேன். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலத்தை என்ன செய்வது என்றும் சொல்கிறது. நாவலில் மந்திரவாதியாகப் பார்த்த ரவிதாசனுக்கு இதில் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டமே இருக்கிறது, அதாவது அரசாங்கத்தில் பெரிய ஆள். கல்கியைப் படிக்காமல் இருந்திருந்தால் ஒரு கல்வெட்டு வாசகத்தை நான் ஏன் படித்திருக்கப் போகிறேன்?

பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் கிரைம் நாவல்களும் அப்படித்தான். துப்பு தேடும் அந்த ஆசைதான் உ.வே.சா.வின் சுயசரிதையான 'என் சரித்திர'த்தை என்னைக் கீழே வைக்க விடவில்லை. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரிடம் கேட்கிறார். அப்புறம் ஏட்டுச் சுவடி தேடி அலைச்சல், சுவடிக்குச் சுவடி மாறும் பாடபேதங்கள், புரியாத சமணச் செய்திகளை ஊரில் இருந்த ஜைனர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது, கடைசியில் 1887-இல் அச்சில் புத்தகம். இதைவிட நல்ல துப்பறியும் கதை வேறு என்ன இருக்கிறது!

சில புத்தகங்களுக்கு மட்டும் வேறு கணக்கு. அசோகமித்திரனின் 'தண்ணீர்' கல்லூரி நாட்களில் என்னைத் தொடவே இல்லை. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி குடங்களோடு தெருவில் நின்றுவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் ஜமுனாவை அவர் எங்கேயும் பரிதாபத்துக்குரியவளாகக் காட்டுவதில்லை, குரலையே உயர்த்துவதில்லை, அதனாலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு எழுத்து நமக்குப் பிடிபட நம் வாழ்க்கையிலும் ஏதாவது நடந்திருக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வயதுக்குள் இதைப் படித்தே ஆக வேண்டும் என்று பட்டியல் போடுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளை செல்போனில் தொடர்கதை படித்தால் படிக்கட்டும், திட்டாதீர்கள். அதில் எது பிடிக்கிறது என்று கேளுங்கள். காதல் என்றால் தி. ஜானகிராமன் இருக்கிறார். பேய்க்கதை என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைக் கொடுங்கள், அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் அதே செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.