மலைக் குளிருக்கு ராஸ்பெர்ரி பை 5 போதுமா?
'ஊட்டி, கோத்தகிரி குளிருக்கு ஃபேன் இல்லாத ராஸ்பெர்ரி பை 5 (ஒரே போர்டில் அடங்கும் சிறு கணினி) போதும்' என்ற கட்டுரையின் முடிவை ஏற்க முடியவில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவதுதான் இங்கே பெரிய பிரச்சினை, சூடு அல்ல. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டமே கெட்டுவிடலாம். பை 5 கேட்பது 5 வோல்ட் 5 ஆம்பியர். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 600 மில்லிஆம்பியர்தான், வெளி ஹார்ட் டிஸ்க் திணறும். பதிலாக இன்டெல் என்100 சிப் உள்ள சிறு கணினி போர்டைப் பாருங்கள்: டிடிபி (சிப்பின் வெப்ப அளவு) 6 வாட், பெரும்பாலானவற்றில் எஸ்டி கார்டுக்குப் பதில் எம்.2 எஸ்எஸ்டியை நேராகச் செருகலாம், டெபியன் (லினக்ஸ் வகை) சாதாரண ஐஎஸ்ஓ இன்ஸ்டால் ஃபைலிலேயே ஏறும். மெமரி சேனல் (ரேமுக்கான டேட்டா பாதை) ஒன்றுதான், அது குறையே. இந்த போர்டை ரவுட்டர் யுபிஎஸ் தாங்குமா என்று கேட்டவருக்கு: 12 வோல்ட் டிசி இன்புட் உள்ள போர்டாக வாங்குங்கள், யுபிஎஸ் 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 24 வாட், வேலை அதிகமானால் சிப் 6 வாட்டைத் தாண்டியும் இழுக்கும், ஆகவே பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) பவர் லிமிட்டைக் குறைத்த பிறகே இணையுங்கள்.