வீட்டில் குழந்தை பார்ப்பவருக்கு என்ன தகுதி வேண்டும்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், பலகாரம் போடும் வீடுகளில் காலை ஐந்து மணிக்கே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். தேன்குழலும் சீப்புச் சீடையும் மணகோலமும் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கைக்குழந்தை உண்டு. எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் பிள்ளையை விட முடியாது. அந்த நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. திறந்த பிறகும், பால் குடிக்கும் பிள்ளையை நாள் முழுவதும் வைத்துப் பார்க்க அங்கே ஏற்பாடு இல்லை. ஆகவே அந்தப் பிள்ளைகள் எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த வீட்டு அம்மாவைத் தெருவே அப்பத்தா என்றுதான் அழைக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொள்கிறார்; ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவந்தால், "நாலுக்கு மேல எனக்குக் கண்ணு பத்தாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். உத்தரத்தில் இரண்டு தூளி கட்டியிருக்கிறார். கொல்லைக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடியிருக்கிறார். அந்த வலைக்கான பணத்தைத் தன் கூலியிலிருந்து மாதாமாதம் அடைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது அவர் வீட்டு அடுப்படிச் சுவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாளம் கரியால் வரைந்து வைத்திருக்கிறார்: ஒன்றுக்கு மீன், ஒன்றுக்கு மாங்காய், ஒன்றுக்குப் பிறை, ஒன்றுக்குச் சீப்பு. பால் கொடுத்தால் அந்தப் படத்தின் கீழ் ஒரு நேர்க்கோடு. வயிற்றுக்குச் சரியில்லாமல் போனால் ஒரு குறுக்குக்கோடு. மாலையில் தாய் வந்ததும் முதலில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள்.

சென்ற ஆண்டு இவருக்கு அரசு உதவி ஏதாவது கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "படிப்புச் சான்றிதழ் இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. "மையம் நடத்தத் தனிக் கட்டடம் இருக்கிறதா?" என்பது இரண்டாவது. கிணறு மூடியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இந்தத் தகுதி விதிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் குழந்தைகள் காப்பகத்துக்கென்று சட்டங்களும் திட்டங்களும் இல்லாமல் இல்லை. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பக அறை வேண்டும் என்று 1976-இல் திருத்தப்பட்ட 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி வேண்டும் என்றது. பத்துப் பேர் உட்கார்ந்து பலகாரம் சுடும் வீட்டுக்கோ, ஐந்தாறு பேர் கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமெண்டு ஊற்றும் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கோ இந்த எண்ணிக்கைகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. 2006-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் பின்னர் தேசியக் காப்பகத் திட்டமாகி, 2022-இல் பால்னா என்ற பெயரில், பெண்கள் நலனுக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான நல்ல திட்டம்தான். ஆனால் அது ஒரு மையத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தேசியக் காப்பகத் திட்டத்தின் விதிகளில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் கேட்கப்பட்டன. தன் வீட்டிலேயே நான்கு பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் பெண் அதில் எந்த இடத்திலும் வருவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகள், தன் வீட்டில் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு அரசு மானியம் பெற விண்ணப்பித்தபோது நடந்ததைச் சொன்னாள். அங்கே வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு அரசு உதவுகிறது. வீட்டில் பார்ப்பவருக்கும் அந்தப் பணம் போய்ச் சேரலாம். இந்த உதவிக்கான சட்டத்தை 2014-இல் புதுப்பித்தபோது தகுதி விதிகளை இறுக்கினார்கள். பார்த்துக்கொள்பவரின் கைரேகையை அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வரை அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டிலும், குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியவர்களின் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது மறுபடியும் நடக்க வேண்டும். வீட்டில் குடியிருக்கும் பதினெட்டு வயது நிரம்பிய அத்தனை பேருக்கும் இதே சோதனை உண்டு. "பெரியம்மா, மாப்பிள்ளையும் போய் ரேகை வச்சுட்டு வந்தார்" என்றாள். முதலுதவி, கைக்குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது, மருந்து கொடுக்கும் முறை, அழும் குழந்தையைக் குலுக்கினால் மூளைக்கு என்ன கேடு நேரும் என்பதெல்லாம் பயிற்சியில் இருந்தன. இந்த வரிசையைக் கேட்டபோது, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள் எழுதிய விதிகள் இவை என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டி, பாட்டியின் தாய், அத்தை, சித்தி, மாமா, தனி வீட்டில் வாழும் உடன்பிறப்பு ஆகிய உறவினர் மட்டுமே பார்த்துக்கொண்டால், இந்தச் சோதனைகளிலிருந்து அவர்களுக்கு மாநிலங்கள் விலக்கு அளிக்கலாம் என்று அங்கே விதி இருக்கிறது. இங்கிலாந்தில் நேர்மாறு, 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி உறவினர் பார்த்துக்கொள்வது குழந்தைப் பராமரிப்பு என்ற கணக்கிலேயே சேராது, எனவே பொதுவாகப் பணமும் இல்லை.

எங்கள் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். ஊர் உலகத்தில் ஆயா என்றால் கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர். சொல் ஒன்றாக இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். செய்யும் வேலை ஒன்றுதான். மகள் பட்டறைக்குப் போகவேண்டும் என்பதற்காகத் தன் களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் ஆயாவுக்கு அந்த இழப்பை ஈடுகட்டுவது நியாயம். அதற்காக, உறவு என்ற ஒரே காரணத்தால் அந்த வீட்டை விசாரிக்காமல் விடுவது நியாயமாகாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றவாளி பிள்ளைக்கு அறிமுகமானவர்தான் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வீட்டில் ஒரு மகனோ மருமகனோ தம்பியோ வந்து தங்கினால் அவரைப் பற்றியும் காவல் நிலையச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். அப்பத்தாவிடம் இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "பிள்ளைய நம்பி விடுறவ கேக்கத்தானே செய்வா, ஆச்சி? எம் மகன் வந்தாலும் விசாரிக்கட்டும்" என்றார்.

படிப்புத் தகுதி கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பது பிள்ளைகளுக்குப் பாட்டும் எண்ணும் எழுத்தும் சொல்லித்தரும் அங்கன்வாடிப் பணியாளருக்குப் படிப்பு அவசியம். நான்கு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்க வேண்டியது வேறு. பிள்ளைக்கு எப்போது என்ன கொடுத்தார் என்பதைத் தாய்க்குப் புரியும்படி குறித்து வைக்கிறாரா என்று கேட்கலாம். கரிக்கோடாக இருந்தாலும் அது பதிவேடுதான். காசநோய் போன்றவை இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சான்று கேட்கலாம். கிணறு, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, வளவு வீடானால் முற்றத்துப் படி, ஊருணி பக்கத்தில் இருந்தால் வாசல் கதவின் தாழ்ப்பாள் ஆகியவற்றை ஒருவர் நேரில் வந்து பார்க்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

படிக்காத பெண்ணை நம்பி அரசு இந்த வேலைக்குக் கூலி கொடுத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்க்க அமர்த்தி, மற்றவர்களுக்கு உரிய அதே கூலியை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. புளிய மரத்து நிழலில் செல்லுபடியான வேலை ஓட்டு வீட்டுக்குள் வந்தால் ஏன் செல்லாமல் போகிறது?

நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபையில் வைப்பதற்காக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அதிகபட்சம் நான்கு பிள்ளைகள், காவல் நிலையச் சரிபார்ப்பு, சுகாதாரச் சான்று, சில நாள் முதலுதவிப் பயிற்சி, நேரடி ஆய்வு, இவற்றுக்கு உட்படும் பெண்ணுக்கு மாத உதவித்தொகை என்று கேட்கப்போகிறேன். பயிற்சி எழுதிப் படிக்கிற பயிற்சியாக இல்லாமல், செய்து காட்டிச் செய்ய வைக்கிற பயிற்சியாக இருக்க வேண்டும் என்று தனியே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அங்கன்வாடியிலோ குழந்தை நலத் துறையிலோ வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். மனுவோடு இணைக்க அந்த அடுப்படிச் சுவரை ஒரு படமும் எடுத்திருக்கிறேன். மீனுக்குக் கீழே அன்று ஐந்து கோடுகள் இருந்தன.