வறுவலுக்கு ஐபிஏ பொருந்தாது
கோலாலம்பூரின் கிராஃப்ட் பியர் (சிறு ஆலைகளில் காய்ச்சப்படும் பியர்) கூடங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஒரு கோப்பையின் விலைக்குக் கடைக்காரரின் பேராசையை மட்டுமே காரணம் காட்டுவது சரியன்று. 2016 மார்ச் முதல் மலேசியாவில் பியருக்கான கலால் வரி அதிலுள்ள ஆல்கஹாலின் அளவை வைத்தே கணக்கிடப்படுவதால், 5 விழுக்காட்டு ஆல்கஹால் கொண்ட லாகர் எனும் மென்மையான பியரைவிட 8 விழுக்காட்டு ஐபிஏ (இந்தியா பேல் ஏல் எனும் கசப்பு மிகுந்த பியர் வகை) கூடுதல் வரியைச் சுமந்துகொண்டுதான் நம் மேசைக்கு வருகிறது. இறக்குமதிச் சரக்கானால் கப்பல் கூலியும் சேரும். அதே ஐபிஏவை ஆட்டிறைச்சி வறுவலுடன் அருந்தும்படி அக்கட்டுரை சொல்வதையும் என்னால் ஏற்க இயலவில்லை. பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் மிகுந்த ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும்; கோலாலம்பூரின் இந்தியர் வட்டாரமான பிரிக்பீல்ட்ஸின் காரச் சாப்பாட்டில் பழகிய நாக்கும் (என்னுடையது அப்படிப்பட்டதுதான்) இரண்டாவது வாயிலேயே தண்ணீரைத் தேடும். கசப்புக் குறைந்த கோதுமை பியரோ, மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) மெல்லிய இனிப்புள்ள பிரௌன் ஏல் எனும் பழுப்புநிற பியரோ அந்த வறுவலுக்கு எவ்வளவோ மேல்.