விக்கிப்பீடியாவில் பெயரைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு அல்ல

"விக்கிப்பீடியாவில் பெயர்ச் சண்டை வந்தால் ஆள்பலம் உள்ள தரப்பே வெல்லும்" என்று சொல்வது தவறு. ஆங்கில விக்கிப்பீடியாவில் பெயர்மாற்றக் கோரிக்கை வழக்கமாக 7 நாள் விவாதத்தில் இருக்கும். பிறகு, அதில் கலந்துகொள்ளாத ஒருவர் வாதங்களை எடைபோட்டு முடிவெழுதுவார். வெறுமனே 'ஆதரவு' என்று போட்டுவிட்டுப் போகும் பத்துப் பேரைவிட, நம்பகமான நூல்களும் நாளிதழ்களும் எந்தப் பெயரை ஆள்கின்றன என்று சான்று காட்டும் ஒருவரின் பேச்சே அங்கே எடுபடும்.

உக்ரைன் தலைநகரையே பாருங்கள். 'கியெவ்' என்ற ரஷ்ய வடிவத்தை விட்டு 'கீவ்' என மாற்றக் கேட்ட கோரிக்கைகள் பல ஆண்டுகள் தோற்றன. 2019இல் பெரிய ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் மாறின. 2020 செப்டம்பரில் கட்டுரைத் தலைப்பும் மாறியது.

போலந்து நகரான கதான்ஸ்க் விஷயத்தில் 2005இல் வாக்கெடுப்பு நடந்தது உண்மைதான். அதிலும் ஒரு தரப்பு முழுதாக வெல்லவில்லை: 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்கு டான்சிக் என்ற ஜெர்மன் பெயர், மற்றக் காலங்களுக்குக் கதான்ஸ்க் என்ற போலிஷ் பெயர்.