மூலப்பத்திரம் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்

ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் எங்கள் பரம்பரை வீடு யாருடையது என்று தெரியும். தபால்காரருக்குத் தெரியும், மின்கணக்கு எடுக்க வருகிறவருக்குத் தெரியும், வீட்டு வரி வாங்கி ரசீது கிழிக்கிற பஞ்சாயத்துக்கும் தெரியும். அரசாங்கத்தின் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. சரி, தெரியாமல் போகட்டும். அதற்கான தண்டனையை நான் ஏன் அனுபவிக்க வேண்டும்?

கேட்கிற எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "மூலப்பத்திரம் கொண்டாங்க." வங்கியின் வக்கீல், பத்திர எழுத்தர், வாங்க வருகிறவர், எல்லோருக்கும் அது, அதாவது சொத்து முதலில் எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டும் பழைய பத்திரம், வேண்டும். இது கிராம நத்தத்தில், அதாவது ஊர்க்காரர்கள் குடியிருக்க விட்ட நிலத்தில், இருக்கிற ஓட்டு வீடு. கொள்ளுத்தாத்தா காலத்தில் மண்சுவராக எழும்பியது. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சொத்தை விற்கப் பதிவு கட்டாயமில்லை, இடத்தைக் கையில் ஒப்படைத்தாலே போதும். அந்தக் காலத்து மண்சுவர் வீடு எத்தனை ரூபாய் போயிருக்கும்? சட்டமே வேண்டாம் என்று விட்ட காகிதத்தை, மூன்று தலைமுறை கழித்து வந்து "ஏன் வைத்திருக்கவில்லை" என்று கேட்டால் எங்கே போவது?

அதற்கப்புறம் நடந்தவையும் அப்படித்தான். அண்ணன் தம்பிகள் நாலு பெரியவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு எது என்று ஒரு கூர்சீட்டு எழுதினார்கள், அது பதிவாகவில்லை. உயில் இருந்ததாகச் சொல்கிறார்கள். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதனால் அதுவும் எந்த ஆபீசிலும் கிடைக்காது. செத்தவர்களுக்கு இறப்புச் சான்று கேட்கிறார்கள். நாடு முழுவதும் பதிவைக் கட்டாயமாக்கிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முன் போய்ச் சேர்ந்தவரின் சாவை நிரூபிக்க அவரையேதான் கூட்டி வர வேண்டும் போல.

வில்லங்கம் போட்டுப் பாருங்கள், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களெல்லாம் அந்தச் சான்றில் வரும் என்பார்கள். போட்டேன். பெரும்பாலும் 1975க்கு இந்தப் பக்கம்தான் கணினியில் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு மனுக் கொடுத்து, ஆண்டுக் கணக்குக்குக் கட்டணம் கட்டி, அட்டவணைப் புத்தகத்தை யாராவது புரட்டும்வரை காத்திருக்க வேண்டும். கணினியில் தேட சர்வே நம்பர் கேட்கிறது. நத்தத்துக்குத் தனித்தனி நம்பர் வந்ததே நத்தம் நிலவரித் திட்டத்தில்தான், அதாவது 1980களின் கடைசியிலும் 90களிலும். அதற்கு முன்னால் நத்தம் முழுவதும் ஒரே புலம், ஒரே சர்வே நம்பர். அந்த நம்பரைப் போட்டால் பாதி ஊரின் பத்திரங்கள் வந்து விழும், புது நம்பரைப் போட்டால் ஒன்றுமே வராது. ஒன்றுமே வராததற்குப் பெயர் "வில்லங்கம் இல்லை" என்ற சான்று! நீ கொடுத்த விவரத்துக்கு எங்கள் அட்டவணையில் எதுவும் தட்டுப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். சொத்து சுத்தமாக இருக்கிறது என்று அதை வாசிக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அதில் இருப்பது நான்கு எல்லை. "தெருவுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, மேற்படியார் மாட்டுக் கொட்டகைக்கு வடக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு, இதன் மத்தியில்" என்று போகிறது. மாடும் இல்லை, கொட்டகையும் இல்லை. பொதுச் சந்தில் ஒருவர் கக்கூஸ் கட்டிவிட்டார். "இன்னார்" செத்து, அவர் மகன் விற்று, வாங்கியவர் வேறொருவருக்கு விற்று, இப்போது அங்கே மாடிவீடு நிற்கிறது. என் வீடு எது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் பக்கத்து வீட்டின் கதையைத் தேடியாக வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் உரிமைக்கு ஆகச் சிறந்த சாட்சி பல நேரம் பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தில்தான் இருக்கும். எழுபது வருஷத்துக்கு முன்னால் அவர் இடம் கிரயமானபோது, "இன்னாருடைய வீட்டுக்குக் கிழக்கு" என்று நம் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எல்லையில் எழுதியிருப்பார்கள். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத யாரோ, நம் சண்டைக்கெல்லாம் வெகு காலம் முன்பு, எந்த உள்நோக்கமும் இல்லாமல் எழுதிவைத்தது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ஆனால் பக்கத்து வீட்டில் போய்ப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஓரடி நிலத்துக்கு வந்துவிட்டான் என்று மறுநாளே சர்வேயரைக் கூப்பிடுவார்கள்.

பெயர்க் குழப்பம் தனி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். விளைவு, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர், அதே தகப்பன் பெயர். பத்திரத்தில் இருப்பவர் தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்று மை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பத்திரம் எந்த ஆபீசில் கிடக்கிறது என்பது அடுத்த கூத்து. சார்பதிவகங்களைப் பிரித்துக்கொண்டே போனார்கள், கிராமங்களை இங்கிருந்து அங்கே மாற்றினார்கள். மாவட்டமும் நிலையாக நிற்கவில்லை. தென்னாற்காடு 1993இல் விழுப்புரம், கடலூர் என்று ஆனது, விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதன் பழைய பதிவுகள் மட்டும் வேறு மாவட்டத்துக் குடிமகனாகிவிடும். வருவாய்த் துறைப் பக்கம் போனால், ஊர்க் கணக்கும் வரியும் பார்த்த பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் ஒழித்தார்கள். ஒழித்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் வீட்டு மரப்பெட்டியில் இருந்த கணக்குகளில் எத்தனை ஒழுங்காகக் கைமாறின என்றுதான் கேட்கிறேன்.

நத்தம் பட்டா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சித்தப்பா பெயரில். அளக்க வந்த அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். முதலில் தந்த தோராயப் பட்டாவில் ஏறிய பெயர் அப்படியே இறுதியான தூய பட்டாவிலும் வந்துவிட்டது. ஆட்சேபணை சொல்ல அவகாசம் தந்தார்களாம். வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருந்தவனுக்கு அதை யார் போய்ச் சொன்னார்கள்? இன்றைக்குச் சித்தப்பாவின் பேரன்கள் அந்த ஒரு தாளை ஆட்டிக் காட்டுகிறார்கள். பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. யார் காதில் ஏறுகிறது?

பெயரை மாற்றித் தாருங்கள் என்று தாலுகா ஆபீசுக்குப் போனால் பத்திரம் கேட்கிறார்கள். பத்திரம் இல்லையா, அப்படியானால் பட்டா கொண்டுவா என்பது பதிவு ஆபீஸ். ஒரு கட்டத்தில் இதை விதியாகவே எழுதினார்கள். 2022இல் தமிழ்நாடு பதிவு விதிகளில் வந்த 55ஏ விதி, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவு கிடையாது என்றது. உரிமை மூலத்தை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அந்த விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாது என்றது. படித்தபோது கைதட்டத் தோன்றியது. ஆனால் வங்கி வக்கீலை எந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்? அவருக்கு முப்பது வருஷத் தொடர்ச்சி வேண்டும், இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் கோப்பை மூடிவிடுவார்.

சொந்தக்காரர்களையும் சும்மா விட முடியாது. அத்தைகளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே தகப்பன் பங்கில் மகளுக்கும் உரிமை வந்துவிட்டது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005இல் மத்தியத் திருத்தம் என்று அது விரிந்துகொண்டே போனது. ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் "சீர் செய்தாச்சு, முடிந்தது" என்று சொல்லிவிட்டு பங்கை விட்டுத்தந்ததாக ஒரு விடுதலைப் பத்திரம்கூட எழுதி வாங்கவில்லை. இப்போது அத்தை கேட்கிறார். அவர் கேட்பதில் எனக்குக் கோபமே இல்லை, அவர் பக்கம்தான் நியாயம். அவரைக் கணக்கிலேயே சேர்க்காமல் போன பெரியவர்கள்மீதுதான் ஆத்திரம் பொங்குகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். பத்திரங்களைப் பதிந்தது பதிவுத் துறை. அட்டவணையும் அவர்களிடம். நிலக் கணக்குகளான அ பதிவேடு, நத்தம் அடங்கல், புலப்படம் எல்லாம் வருவாய்த் துறையிடம். வரிக் கணக்கு பஞ்சாயத்தில். ஒரு துறை இன்னொரு துறையிடம் கேட்டால் முடிகிற விஷயம். அதை விட்டுவிட்டு, உங்கள் அலமாரியில் இருப்பதை ஒவ்வொரு ஜன்னலாக ஏறி இறங்கி நகல் எடுத்து, உங்களிடமே கொண்டுவந்து நான் நீட்ட வேண்டுமாம். ஒரு நகல் காணவில்லை என்றால் குற்றம் என்னுடையது! பெயர் அட்டவணைகளை ஆரம்பத்திலிருந்து படமெடுத்துக் கணினியில் போட்டால் பாதித் துயரம் தீரும். அரசு குறிக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை மாற்ற மட்டும் வேகமாக வேலை செய்யும் கணினி இதற்கு ஏன் தூங்குகிறது?

இப்போது பக்கத்து வீட்டின் பழைய பத்திரத்துக்கு நகல் மனுப் போட்டிருக்கிறேன். "அடுத்தவர் பத்திரம் உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார் எழுத்தர். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவைக் காட்டினேன். சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தில் பதிவானதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. நிதானமாகப் படித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார், அந்த வருஷத்து வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம், அடுத்த மாதம் வரச் சொன்னார்.